நிரப்பாமல் விட்ட வட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, அதனால என்ன" என்று நீ சொல்லிவிடுவாய், நானும் அதோடு நிறுத்திவிடுவேன். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

போன மாதம் டுலூத்தில் உன்னிடம் மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேரும் ஒன்றாக மோரா என்கிற முத்தாய்ப்பை வைத்து முடித்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கையிலிருந்த நிகழ்ச்சித் தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. நீ கவனித்திருப்பாய் என்று நினைக்கிறேன். தாளின் அடியில், மினசோட்டா வாக்காளர்களால் இந்த நிகழ்ச்சி சாத்தியமானது என்று அச்சிட்டிருந்தது. கலைக்கான அரசு நிதியுதவி, அதாவது கிராண்ட், வாங்குகிறவர்கள் எல்லாரும் போட வேண்டிய வாசகம்தான் அது. ஆனால் அந்த வாக்காளர்களில் உன் அப்பா இல்லை. அதை உன்னிடம் மறைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

2008 நவம்பர் 4. அந்த வருடம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. இந்த நாட்டில் நான் போட்ட முதல் ஓட்டு. உனக்கு ஒன்பது வயது. வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், எனக்குக் கொடுத்த ஸ்டிக்கரை வாங்கி உன் கோட்டில் ஒட்டிக்கொண்டாய். அதிபருக்கு ஓட்டுப் போட்டேன், மற்றதற்கும் போட்டேன். அப்புறம் ஒரு நீளமான கேள்வி வந்தது. குடிநீர், சதுப்பு நிலம், காடு, மீன், வனவிலங்கு என்று போய், நடுவில் ஓரிடத்தில் கலையும் பண்பாட்டு மரபும் என்று இருந்தது. இதற்கெல்லாம் விற்பனை வரியை 2034 வரை கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டார்கள். வாத்து வேட்டைக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டேன். பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம், ஆபீசில் யார் வேலை எப்போது போகும் என்று தெரியாது. புரியாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவதுதான் நியாயம் என்று வாக்குச்சீட்டில் அந்தக் கேள்விக்கான வட்டத்தை நிரப்பாமல் விட்டேன்.

அது மாநில அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கான கேள்வி. மினசோட்டாவில் அப்படி ஒரு திருத்தம் நிறைவேற, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் ஆதரித்தால் போதாது. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அத்தனை பேரிலும் பாதிக்கு மேல் 'ஆம்' சொல்ல வேண்டும். காலியாக விட்டால் அது 'இல்லை' என்றுதான் கணக்காகும். இதை வாக்குச்சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அன்று நான் படிக்கவில்லை. 2024-இல் லாட்டரிப் பணத்தைச் சுற்றுச்சூழலுக்குத் தொடர்ந்து ஒதுக்குவது பற்றி ஒரு திருத்தம் வந்ததே, அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். படித்த இடத்திலேயே பதினாறு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலி வட்டம் ஞாபகம் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

நல்ல வேளை, 56 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2009 ஜூலை 1 முதல் மாநில வரி 6.5 சதவீதத்திலிருந்து 6.875 ஆனது. நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் முப்பத்தேழரை சென்ட் கூடுதல். இங்கே துணிக்கும் பெரும்பாலான மளிகைக்கும் வரி கிடையாது என்பதால் அன்றாடச் செலவில் அது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தில் 33 சதவீதம் தண்ணீருக்கு, 33 காட்டுக்கும் வனவிலங்குக்கும், 14.25 பூங்காக்களுக்கு, மீதி 19.75 கலைக்கும் பண்பாட்டுக்கும். நூறு டாலருக்கு ஏழு சென்ட்டும் சொச்சமும்தான் கலைக்கு வருகிறது. அதிலும் நூலகம், வரலாற்றுச் சங்கம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள், உனக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துத்தான் மேளம், கூத்து, நாடகம் எல்லாம் வரும். உன் தாத்தா கையில் காசில்லாத வருடம்கூடக் கடன் வாங்கிக் கொடுத்தார், கொடுக்காமல் கூத்துப் பார்க்க உட்கார மாட்டார். இந்த ஏழு சென்ட்டும் தலைக்கட்டு வரிதான். எனக்கு அது அன்று விளங்கவில்லை.

அது என்ன செய்தது என்று உன்னைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். டுலூத்தில் உன் முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டில் காற்று வறண்டு உன் மிருதங்கத்தின் வலந்தலை, வலப்பக்கத் தோல், வெடித்துப்போனது. தோல் மூட்டு மாற்ற சென்னைக்கு அனுப்ப வேண்டும், அந்தச் செலவுக்கு உன்னிடம் பணம் இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. மாலில் வேலைக்குப் போகிறேன் என்றாய். அந்த வருடம்தான் டுலூத்தில் இருக்கிற ஆரோஹெட் கலை மன்றத்துக்கு கிராண்ட் கேட்டு விண்ணப்பித்தாய். பெரிய தொகை இல்லை. ஆனால் மூட்டு மாறியது, ஹால் வாடகை கொடுத்தாய், பிள்ளைகளிடம் பணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தாய். போன மாதம் உட்கார்ந்து வாசித்த பத்துப் பேரில் நம் ஆட்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

மினியாபொலிஸ் என்றால் வேறு. அங்கே ராணி ராமசாமி 1992-இல் தொடங்கிய ராகமாலா நடனக் குழு இருக்கிறது, பரதநாட்டியம் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு ஊர் பழகிவிட்டது. டுலூத்தில் மிருதங்கம் என்றால் என்ன என்று நீதான் விளக்க வேண்டியிருக்கிறது. மாநிலம் முழுவதும் பதினொரு வட்டாரக் கலை மன்றங்கள் இருப்பதால்தான் பணம் நகரத்தோடு நின்றுவிடாமல் உன் மாதிரி ஆட்களின் ஊர்வரை வருகிறது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். 2034 ஜூன் 30-உடன் அந்த வரி முடிகிறது. தொடர வேண்டுமானால் சட்டசபை மறுபடி ஒரு கேள்வியை எழுதி மக்களிடம் வைக்க வேண்டும். அந்தக் கேள்வியில் தண்ணீரையும் காட்டையும் வைத்துக்கொண்டு கலையை விட்டுவிடவும் அவர்களால் முடியும். லாட்டரித் திருத்தம் 77 சதவீதத்தோடு ஜெயித்தது என்று உன் நண்பர்கள் தைரியமாகப் பேசுகிறார்கள். அதில் புது வரி எதுவும் இல்லை. இதில் வரி இருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியவர், விற்பனை வரி ஏழைக்குத்தான் அதிகம் உறைக்கும், செலவுக் கணக்கை அரசியல் சட்டத்தில் எழுதி வைக்கக் கூடாது என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் நான் ஆம் என்றுதான் போடுவேன்.

வரி நின்றால் பெரிய அரங்கங்கள் நன்கொடையாளர்களை வைத்துச் சமாளிக்கும். மாநிலக் கலை வாரியமும் மூடிவிடாது, 1903-இல் தொடங்கிய அமைப்பு அது, இந்த வரிக்கு முன்பும் இருந்தது. முதலில் அடிபடுவது முதல் கிராண்டுக்கு விண்ணப்பிக்கிற ஆள்தான், அன்றைய நீ மாதிரி.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன், தட்டாதே. ஒன்று, உன் வருமானம் முழுக்க கிராண்டை நம்பி இருக்க வேண்டாம். கொடுக்க முடிகிற வீட்டுப் பிள்ளைகளிடம் இப்போதே ஃபீஸ் வாங்கு, அதில் தப்பே இல்லை. இன்னொன்று, கச்சேரி முடிந்ததும் அந்தத் தாளின் கடைசி வரியை நீயே மைக்கில் படித்துச் சொல். அதை யாரும் படிப்பதில்லை. ஏழு சென்ட் கணக்கையும் சொல். காலியாக விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல். வேண்டுமானால் என் கதையைச் சொல்லிக்கொள், எனக்கு வருத்தம் இல்லை.

புது மூட்டு சென்னையிலிருந்து வந்துவிட்டது. பனி கொட்டுவதற்குள் ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவும் எடுத்துக்கொண்டு வருகிறோம். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் பூச ரவை நான் வாங்கி வருகிறேன், நீ அலைய வேண்டாம். நிகழ்ச்சித் தாள் மீதி இருந்தால் இருபது எடுத்து வை. நம் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுக்கப் போகிறேன், எதிர்வீட்டிலிருந்து தொடங்கி.

அன்புடன்,
அப்பா