ஆம்பூர்க் கணக்கு வேலூருக்கு வந்த விதம்

காட்பாடி

அன்புள்ள நண்பா,

திருப்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பழைய கணக்கு மென்பொருளில் உள்ள தரவுகளை ஒவ்வோர் இரவும் புதிய தரவுத்தளத்துக்குத் தானாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். ஒரு கருவியை விலைக்கு வாங்கிப் பொருத்தினால் போதாதா என்றும் கேட்டிருந்தாய். சென்ற ஆண்டு முழுவதும் நான் அதே வேலையில்தான் கிடந்தேன் என்பதால், பட்டதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் தோல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஆம்பூரில், அலுவலகம் வேலூரில். அங்கே உள்ள தரவுத்தளம் எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு, இங்கே உள்ளது போஸ்ட்கிரெஸ். எக்ஸ்பிரஸில் நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரே கதி. பிசிபி என்னும் கருவி அட்டவணைகளைக் கோப்புகளாக எழுதித் தர, அவற்றைப் போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளை ஒரே மூச்சில் வாரிக்கொள்கிறது. ஒவ்வொரு பதிவாக இன்சர்ட் செய்துகொண்டிருந்த முதல் வாரத்தில், பொழுது விடிந்தும் வேலை முடியவில்லை.

ஆக, தரவை நகர்த்துவது பெரிய பாடில்லை. எது வெற்று, எவை இரண்டும் ஒன்று என்பதில் இவ்விரு அமைப்புகளுக்கும் ஒத்துப்போவதில்லை, தொல்லை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பிசிபி எழுத்துக் கோப்பாக எழுதும்போது நல் (NULL) மதிப்பை, அதாவது எதுவுமே பதியாத இடத்தை, வெறுமையாக விட்டுவிடுகிறது. எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லையோ பூஜ்ஜிய பைட் ஒன்றாக எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் அந்தப் பைட்டை அடியோடு ஏற்பதில்லை, காப்பி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பைட்டைத் தேடி இரண்டு நாள் போயிற்று. அடுத்தது, ஒவ்வொரு தோல் தொகுதிக்கும் இடும் லாட் எண். எஸ்கியூஎல் சர்வர் அதன் வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். சொல்லின் இறுதியில் உள்ள இடைவெளிகளையும் ஒப்பிடும்போது பொருட்படுத்தாது. ஒரு ஷிப்டில் பெரிய எழுத்திலும் அடுத்த ஷிப்டில் சிறிய எழுத்திலும் தட்டிய லாட் எண்கள் அங்கே உறவுமுறை கொண்டாடிக்கொண்டு இருந்தன. இங்கே வந்ததும் ஒன்றையொன்று தெரியாது என்று சாதித்துவிட்டன.

தமிழில் இருந்த பெயர்களின் கதை தனி. தமிழுக்கென விண்டோஸில் பழைய ஒற்றைபைட் குறியீட்டுப் பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) இல்லாததால், யூனிகோட் அல்லாத வார்கேர் நெடுவரிசையில் போட்ட தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகவே பதிந்திருந்தன; அவற்றை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, காகித ரசீதுகளைப் பார்த்துத் திரும்பத் தட்டினோம்.

தோல் அனுப்புவோரின் முகவரியில் மாவட்டம் என்றொரு நெடுவரிசை உண்டு. ஆம்பூர் சிலரிடம் வட ஆற்காட்டிலும், சிலரிடம் வேலூரிலும், 2019க்குப் பின் சேர்ந்தவர்களிடம் திருப்பத்தூரிலும் இருந்தது. வட ஆற்காட்டை வேலூர் என்று மாற்றிவிடலாம் என்றார் மேலாளர். 1989இல் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போயிற்று, 2019இல் ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போயிற்று, குடியாத்தம் வேலூரிலேயே நின்றது. ஊரைப் பார்க்காமல் மாவட்டத்தை மட்டும் மாற்றினால் பாதி தப்பாகும். ஆகவே மூலத்தில் உள்ளதை உள்ளபடியே கொண்டுவந்து, திருத்தத்தைத் தனி அட்டவணையில் வைத்தேன். வழியிலேயே திருத்தம் செய்யும் பழக்கத்தை நீயும் வைத்துக்கொள்ளாதே. பின்னொரு நாள் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது, தவறு எங்கே நுழைந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

என்னை உண்மையிலேயே தலைகுனிய வைத்தது வேறொன்று. போஸ்ட்கிரெஸில் கட்டளைக் கோப்புகளை ஓட்டும் பிஎஸ்கியூஎல்லுக்கு, பிழை வந்தால் நில் என்னும் ஆன் எரர் ஸ்டாப் அமைப்பைச் சொல்லிவைக்காவிட்டால், நடுவில் பிழை வந்தாலும் கோப்பை இறுதிவரை ஓட்டி, வெற்றி என்றே முடிவு சொல்லும். ஷெட்யூலரும் நம்பிவிட்டது, நானும் நம்பிவிட்டேன். மூன்று நாள் பழைய இருப்பைக் காட்டிக்கொண்டிருந்ததை விற்பனைப் பிரிவுக்காரர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் முறையை மாற்றினேன். இப்போது கோப்பு முதலில் ஓர் இடைக்கால அட்டவணையில் இறங்குகிறது. அங்கே பதிவுகளின் எண்ணிக்கையும் சதுர அடியின் கூட்டுத்தொகையும் ஆம்பூர்க் கணக்கோடு ஒத்துவந்தால் மட்டுமே, முழுதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்னும் ஒரே பரிவர்த்தனைக்குள், ஏற்கெனவே உள்ள பதிவை மறுபடி சேர்க்காத ஆன் கான்ஃப்ளிக்ட் வழியாக உண்மையான அட்டவணைக்குப் போகிறது. மின்சாரம் போய் பாதியில் நின்றாலும், காலையில் வந்து அதே வேலையை மறுபடி ஓட்டலாம், எதுவும் இரட்டிப்பாகாது. மாறிய பதிவுகளை மட்டும் எடுக்க, பதிவு மாறும்போதெல்லாம் எஸ்கியூஎல் சர்வர் தானாகக் கூட்டும் ரோவெர்ஷன் எண்ணைப் பயன்படுத்துகிறேன். இன்னும் முடியாத பரிவர்த்தனைகள் விடுபடாமலிருக்க, மின் ஆக்டிவ் ரோவெர்ஷன் (MIN_ACTIVE_ROWVERSION) என்னும் செயற்கூறு தரும் எண்ணுக்குக் கீழேயே நின்றுகொள்ள வேண்டும்.

நீ கேட்ட கருவிகள் இந்த நகர்த்தும் பகுதியை நன்றாகவே செய்யும், வாங்குவதில் தவறில்லை. ஆனால் லாட் எண்ணையும் ஆரணியையும் அவை அறியா.

நீக்கப்பட்ட பதிவுகளை ரோவெர்ஷன் காட்டாது என்பதை மறந்துவிடாதே. உங்கள் மென்பொருள் பதிவுகளை அழிக்கிறதா, ரத்து என்று குறித்து வைக்கிறதா என்று பார்த்து எழுது. அழிக்கிறது என்றால், நீக்கங்களையும் குறித்து வைக்கும் எஸ்கியூஎல் சர்வரின் சேஞ்ச் டிராக்கிங் வசதியை வைத்து நான் செய்த ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்