தோல்விப் பாதையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், சாதனங்களுக்குத் தொடர்ச்சியான நினைவக இடத்தை ஒதுக்கித் தரும் சிஎம்ஏ பகுதிக்கான நிரல் திருத்தங்களைப் பலரும் கணினியைத் தொடங்கிய கையோடு சோதிக்கிறார்கள். நினைவகம் காலியாக இருக்கையில் எந்தக் குறையும் வெளிவராது. 2012இல் 3.5 பதிப்பில் வந்த இந்த ஏற்பாட்டில், கேமரா போன்ற சாதனங்களுக்கான தொடர் இடத்தை, அவை கேட்காதபோது இடம்பெயரக்கூடிய பக்கங்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) பயன்படுத்திக்கொள்ளும். சாதனம் கேட்டதும் அந்தப் பக்கங்களை வெளியேற்ற வேண்டும். ஒரே ஒரு 4 கேபி பக்கம் நகர்த்த முடியாதபடி பூட்டப்பட்டு அசையாமல் நின்றாலும் அந்தத் தொடர் இடம் கிடைக்காது. நினைவக நிலவரத்தைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் சிஎம்ஏ காலியிடம் தாராளமாகத் தெரிந்தும் பயனில்லை. ஒதுக்கீட்டை 64 எம்பியிலிருந்து 128 ஆக்குவது நோயை மறைக்கும், அவ்வளவுதான். படித்த கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்புத் தேக்ககத்தை நிரப்பிவிட்டுச் சோதியுங்கள்.

திருத்தங்களை மறுஆய்வு செய்கையில் நான் முதலில் படிப்பது தோல்விப் பாதையை, அதாவது ஒதுக்கீடு தோற்றால் இயங்கும் நிரல் பகுதியை. எந்த இடம் எடுக்கப்பட்டது என்பதை பிட்களால் காட்டும் பிட்மேப்பில் இடத்தைக் குறித்த பிறகே பக்கங்கள் நகர்த்தப்படுகின்றன. நகர்த்தல் தோற்றால் அந்த பிட்களை அழிக்க வேண்டும். மறந்தால் மறுதொடக்கம் வரை அந்த இடம் வீண். இதுபற்றி எந்த எச்சரிக்கையும் பதிவாகாது என்பதுதான் கொடுமை. அடுத்து அலகு: 8 எம்பி என்பது 4 கேபி பக்கக் கணக்கில் 2048. பக்க எண்ணிக்கைக்குப் பதில் பைட் அளவைக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. விடுவிக்கும்போதும் பெற்ற அதே எண்ணிக்கையே போக வேண்டும்.

இப்படிக்கு,
கெர்னல் நிரலாளர் ஒருவர்