என் நாடகத்துக்குக் குரல் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

'முழம்' நாடகம் மூன்று முறை மேடையேறிவிட்டது. முதலில் மதுரையில் ஒரு கல்லூரி அரங்கில், அப்புறம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திடலில், போன மாதம் சென்னையில். ஒவ்வொரு முறையும் நாடகம் முடிந்ததும் நடிகர்கள் என்னை மேடைக்குக் கூட்டிப்போய் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மூன்று முறையும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அந்த எல்லாரும் யார் யார் என்று சொல்லாமல் விட்டது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கவிதை எழுதினால் பத்திரிகைக்கு அனுப்பலாம். சிறுகதைக்குப் போட்டிகள் இருக்கின்றன. நாடகப் பிரதியை வாங்கிப் போடுகிற இதழ்கள் மிகக் குறைவு. அப்படியே அச்சில் வந்தாலும் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். நாலு பேர் வாயில் புகுந்து வெளியே வரும்வரை, எழுதியது நாடகமா இல்லையா என்று எழுதியவருக்கே தெரியாது.

மதுரையில் இருந்துகொண்டு நாடகம் எழுத உட்கார்ந்தால், அந்தக் காலத்து நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1918-இல் இந்த ஊரில்தான் சிறுவர்களை வைத்து அவருடைய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. பின்னாளில் நாடகத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக வந்து சேர்ந்த நாடகக் கம்பெனி அது. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மலைக்கிறார்கள். எனக்கு ஏக்கமாக இருந்தது வேறு ஒன்று. விடிந்ததும் அதைப் பாடம் பண்ணிப் பேச, பாட, ஒரு கம்பெனிப் பிள்ளைகள் அவருக்கு இருந்தார்கள். நவீன நாடக ஆசிரியர் ந. முத்துசாமிக்கும் 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு அமைந்த பிறகு, எழுதியதைச் செய்து பார்க்க நடிகர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எனக்குக் கம்பெனியும் இல்லை, பட்டறையும் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அதில், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ஐந்து பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து விடிய விடியப் பூக்கட்டிக்கொண்டே பேசுகிறார்கள். இரண்டு வருடம் அந்த நோட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

முதல் நன்றி டியூஷன் சென்டர் சாருக்கு. வில்லாபுரத்தில் மாடியில் ஒரே அறை, பன்னிரண்டு பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அறையைத் தர முடியுமா, வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "என்ன விஷயம்?" என்றார். நாடகம் வாசிக்க என்றேன். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஃபேனை மட்டும் மறக்காம நிறுத்திட்டுப் போங்க" என்றார். வாடகைப் பேச்சு அன்றோடு சரி. அடுத்த வாரம் நாங்கள் போனபோது பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, மூலையில் ஒரு பானைத் தண்ணீரும் வைத்திருந்தார். சார், ஒன்றரை வருடமாக அந்தப் பானை ஒரு ஞாயிறுகூடக் காலியாக இருந்ததில்லை.

அந்த வட்டத்துக்கு வந்தவர்களுக்கு அடுத்த நன்றி. இரண்டு கல்லூரி மாணவிகள், தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற ஒரு ஐயா, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடை போடும் தம்பி, பிரியாணிக் கடைக்காரர் ஒருவர். ஐந்து பெண் பாத்திரங்களை இவர்கள்தான் மாற்றி மாற்றி வாசித்தார்கள். யாரும் நடிக்கவில்லை, சும்மா படித்தார்கள். அதுவே எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. நான் உருகி உருகி எழுதிய இடத்தில் எல்லோரும் தாளைப் புரட்டினார்கள். யோசிக்காமல் எழுதிப்போட்ட ஒரு வரியில் தபால் ஆபீஸ் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டே கால் மணி நேர நாடகம் ஐம்பத்தைந்து நிமிடமாக ஆனது அந்தப் பெஞ்சுகளில்தான்.

மார்க்கெட் தம்பிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தை மாதத்தில் நாடகம் நடப்பதாக எழுதிவிட்டு, மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற மாதிரி முதல் காட்சியை வைத்திருந்தேன். "அக்கா, பனி நேரத்துல வரத்து ஏதுக்கா? மொட்டே இருக்காது, விலை எகிறிக் கிடக்கும்" என்றான். பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தும் எழுதும்போது அதை மறந்திருக்கிறேன். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் நாடகத்துக்குப் பிரச்சினையே கிடைத்தது: முகூர்த்தம் நிற்காது, பூ வராது. தம்பி, நீ கதாசிரியர் வேலை பார்த்திருக்கிறாய். போஸ்டரில் உன் பெயர் இல்லாமல் போனது என் தப்பு. அடுத்த போஸ்டரில் கட்டாயம் வரும்.

இனி ஸ்திரீபார்ட் அம்மா, அதாவது மேடையில் கதாநாயகி வேடம் கட்டுகிறவர்.

சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கும் நாடக நடிகர் சங்கத்தை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருவிழாக் காலத்தில் கிராமத்துக்காரர்கள் வந்து நடிகர்களைப் பேசி ஸ்பெஷல் நாடகத்துக்குத் தேதி குறித்துக்கொண்டு போகிற இடம். கதாநாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் ஒரு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஏறினால் விடிகாலைவரை சுவாமிகளின் வள்ளி திருமணம் நடக்கும். அந்த அம்மா முப்பது வருடத்துக்கு மேல் வள்ளியாக நின்றவர். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பயந்து பயந்து பிரதியைக் கொண்டுபோனேன். அன்றைக்கு ராத்திரி நாடகத்துக்காகக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேக்கப் பெட்டி திறந்து கிடந்தது. "படி தாயி, கேட்போம்" என்றார்.

மூத்தவள் பேசும் பெரிய வசனத்தைப் படித்தேன்: "நாற்பது வருஷமா இந்தத் திண்ணையில உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பூக்கட்டிக் கொடுத்த எனக்கு, என் மக கல்யாணத்துக்கு ஒரு பந்து பூ வாங்கக் கையில காசில்லைனு சொல்ல வாய் வரமாட்டேங்குது." படித்து முடித்து நிமிர்ந்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "நீ உட்கார்ந்து எழுதுற. பேசுறவ நூறு பேருக்குக் கேக்குற மாதிரி பேசணும். இதுல மூச்சு எங்க விடுவா?" என்று கேட்டார். தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து புருவம் எழுதுகிற பென்சிலை எடுத்தார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரு கோடு. அப்புறம் அவரே பேசிக் காட்டினார்.

"நாற்பது வருஷம். இந்தத் திண்ணை. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தேன். என் மகளுக்கு..."

அதோடு நிறுத்திவிட்டார். மீதி வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, "இதைச் சொல்லாத. கை பூக்கட்டிக்கிட்டே இருக்கட்டும். இந்த இடத்துல கை நிக்கட்டும். சனத்துக்குப் புரியும்" என்றார். மூன்று மேடையிலும் அந்த இடத்தில் கை நின்றது. மூன்று இடத்திலும் அரங்கத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அம்மா, புருவப் பென்சில் கோடு ஈஷிப்போன அந்த எட்டுப் பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பணம் சேர்ந்தது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் புதிய நாடகம் போடுகிறவர்களுக்கு நிதியுதவி தரும் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காதான் எடுத்துச் சொல்லி, என்னென்ன தாள் இணைக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தந்தார். அதற்குள் அரங்கத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய நாள் வந்துவிட்டதால், தபால் ஆபீஸ் ஐயா தெருத்தெருவாகப் போய் நூறு ரூபாய் டிக்கெட் விற்றார். வெயிலில் அலைந்து அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல். ஐயா, அதை என்னிடம் மறைத்துவிட்டீர்கள். உங்கள் மருமகள் சொல்லித்தான் தெரியும்.

இதே கதையைத் திரைக்கதையாகவும் எழுதியிருக்கிறேன். அதற்கு உதவிய இருவரைச் சொல்லாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. நாடகத்துக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்றால், சினிமாவில் நாம் சொல்வதை உட்கார்ந்து கேட்க ஆள் கிடைப்பதே கஷ்டம். ஒரு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் முழுக் கதையையும் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள், டீ கொடுத்தார்கள். சில மாதம் கழித்து, அதே மாதிரி ஒரு கதையை அங்கே வேறொருவர் விவாதத்தில் வைத்திருப்பதாகக் காதுக்கு வந்தது. உண்மையா, தற்செயலா, தெரியாது. ஆனால் பல ராத்திரி தூக்கம் போயிற்று.

அப்போது கை கொடுத்தவர் ஒரு வழக்கறிஞர் அக்கா. ஒரு பைசா வாங்கவில்லை. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியரின் வழக்கை எனக்கு எடுத்துச் சொன்னார். தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. கதைக்கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் பதிப்புரிமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். "அதனால வாயால் சொல்றதுக்கு முன்னாடி முழுசா எழுதிடு" என்றார். எழுதின அன்றைக்கே உரிமை வந்துவிடும், பதிவு என்பது சாட்சிக்கு என்று விளக்கி, மத்தியப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். நாடகப் பிரதிக்குக் கட்டணம் 500 ரூபாய். புதிதாக எழுதுகிற தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் அந்த உரிமை வாரிசுகளுக்கு இருக்கும் என்று அக்கா சொன்னதை என் அம்மாவிடம் சொன்னேன். நிலம், நகை என்று எதுவும் இல்லாத வீடு எங்களுடையது. அம்மா அந்தத் தாளை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டாவது ஆள், சென்னையில் உதவி இயக்குநராக இருக்கும் அண்ணன். நாடகத்தில் ஆள் பேசித்தான் தெரிய வேண்டியதை, படத்தில் பார்த்தே தெரிந்துகொள்ள வைக்கலாம் என்பதை அவர்தான் பழக்கினார். நான் அனுப்பிய முதல் பிரதியில் எழுபத்திரண்டு காட்சி. ஒவ்வொன்றையும் படித்து, "இதுல யாருக்கு என்ன மாறுது?" என்ற ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பினார். பதில் இல்லாத காட்சிகளை நானே எடுத்துவிட்டேன். என்.எஃப்.டி.சி. என்கிற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும் திரைக்கதைப் பட்டறைக்கு விண்ணப்பிக்கச் சொன்னதும் அவர்தான். ஆங்கிலத்தில் சுருக்கம் எழுத எனக்கு வராது. ஷூட்டிங் முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு அறைக்கு வந்து, போனில் நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தார். தேர்வாகவில்லை. அண்ணன், அதற்காக நீங்கள் என்னைவிட அதிகம் வருத்தப்பட்டீர்கள். அந்தச் சுருக்கத்தை எழுதியபோதுதான் என் கதை யாருடைய கதை என்று எனக்கே பிடிபட்டது. அந்த நாலு ராத்திரி வீண் போகவில்லை.

கடைசியாக என் அம்மா. நாடகத்தின் பெயர் அவருடைய கையிலிருந்து வந்தது. பூவை முழம் போடும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளப்பார்கள். அம்மாவுக்குக் கை நீளம். அவரிடம் வாங்குகிறவர்களுக்கு எப்போதும் நாலு பூ கூடவே கிடைக்கும். "கையைக் கொஞ்சம் மடக்கி அளந்தா என்ன?" என்று சின்ன வயதில் சண்டை போட்டிருக்கிறேன். முதல் மேடையேற்றத்தில் நடிகைகளுக்குப் பூக்கட்டப் பழக்கியது அம்மாதான். நாடகம் நடந்தபோது முன்வரிசையில் அவரும் நாரும் பூவும் வைத்துக்கொண்டு, மேடையிலிருப்பவர்களோடு சேர்ந்து கட்டிக்கொண்டே இருந்தார்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அதே டியூஷன் சென்டர் மாடியில், வட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு தங்கச்சி எழுதியதை வாசிக்கிறோம். ரேஷன் கடை வரிசையில் நடக்கிற நாடகம். அதில் வரும் அத்தை பாத்திரத்தை என்னைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். பிரதி நேற்றுதான் கைக்கு வந்தது. ஒரு புருவப் பென்சில் வாங்கி வைத்துக்கொண்டு, சத்தம் போட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
பூக்காரம்மா மகள்
மதுரை