படிவம் கேட்காத கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். முதியவர்களைப் பார்த்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் அனுபவத்தில், கட்டுப்பாடாக வாழ்ந்தவர்கள் கடைசிவரை யார் தயவுமின்றி நடமாடுகிறார்கள், மற்றவர்கள் படுத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மை என்பதால்தான் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

முதியவர் எவ்வளவு தூரம் தானாக இயங்குகிறார் என்று பார்க்க, அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவரது குழுவினரும் 1963-இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குச் செல்வது, படுக்கையை விட்டு எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, உண்பது என ஆறு வேலைகள். உடலைக் கேட்கும் அந்தப் படிவம் வீட்டைக் கேட்பதில்லை. ஒரே அளவு தேய்ந்த மூட்டோடு இருக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குப் படுக்கையறையை ஒட்டியே கழிப்பறை, எழும்போது பற்றிக்கொள்ளச் சுவரில் கம்பி. மற்றவரோ ஈரம் காயாத மூன்று படிகளில், பிடிக்க ஏதுமின்றி, சுவரைத் தடவியபடி பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்க வேண்டும்; ஒருநாள் தடுமாறியபின், இரவில் எழ நேருமோ என்று அஞ்சி, மாலையோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார். படிவத்தில் முன்னவர் ‘தானாகச் செய்வார்’, பின்னவர் ‘உதவி தேவை’.

மூட்டும் எல்லோருக்கும் ஒரே வயதில் தேய்வதில்லை. சுமை தூக்கியும் மண்டியிட்டும் உழைத்தவருக்கு முன்கூட்டியே தேய்கிறது. உடலுழைப்பாளிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கதை மாறாது. பிரிட்டனின் அரசு ஊழியரிடையே 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், மேசை வேலை பார்த்தவர்களுக்குள்ளேயே பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க இறப்பு விகிதம் ஏறியது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்தபின்னும் அந்த வேறுபாடு பெருமளவு நீடித்தது. நீங்கள் சொல்லும் கட்டுப்பாட்டால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது.

இன்னொன்று. 1969-இல் அமெரிக்க ஆய்வாளர்களான லாட்டனும் பிராடியும் கடைக்குப் போவது, மருந்து உட்கொள்வது, பணம் கையாள்வது உள்ளிட்ட எட்டு வேலைகளைக் கொண்டு வேறோர் அளவுகோல் வகுத்தார்கள். ஆண்களுக்கு மட்டும் சமையல், வீட்டுவேலை, துணி துவைத்தல் ஆகிய மூன்றும் தொடக்கத்தில் மதிப்பெண்ணில் சேரவில்லை! அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாதவரும் முழு மதிப்பெண் வாங்கலாம். மனைவியின் உழைப்பைச் சார்ந்திருப்பது சார்பாகவே எண்ணப்படவில்லை. சமையலுக்கும் வண்டியோட்டவும் ஆள் வைத்துக்கொள்பவரை வசதியானவர் என்கிறோம். அதே வேலைக்குப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுபவரைத்தான் பிறர் கையை எதிர்பார்ப்பவர் என்கிறோம்.

அடுத்தமுறை ‘உதவி தேவை’ என்று குறிக்குமுன் அவரோடு கழிப்பறைவரை ஒருமுறை நடந்து பாருங்கள். படி எத்தனை, அதன் உயரம் என்ன, பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்