பாத எரிச்சலும் பாட்டில் வைத்தியமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உள்ளங்காலில் எரிச்சல், மதமதப்பு என்றாலே குதிகால் சவ்வு வலி என்று முடிவுகட்டி, காலடியில் பாட்டிலை உருட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. காலையில் முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று குத்தி, நாலு அடி நடந்ததும் தணிந்தால் சவ்வு வலியாக இருக்கலாம். நிற்க நிற்கக் கூடி, இரவில் படுத்த பிறகும் எரிந்து, விரல்வரை பரவினால், காலின் பின்புறமாக இறங்கி உள்ளங்காலுக்குப் போகும் டிபியல் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு குறுகிய பாதை உண்டு. மூன்று தசைநாண்கள், இரத்தக் குழாய்கள், இந்த நரம்பு எல்லாம் அதற்குள்தான் போகின்றன. மேலே மூடியிருக்கும் பட்டை விரிந்து கொடுக்காது. அதனால் சுளுக்குக்குப் பிந்தைய வீக்கமோ, நீர்க்கட்டியோ, புடைத்த சிரையோ உள்ளே இடம் பிடித்தால் நரம்பு நசுங்கும். தட்டைப்பாதம் அதை இழுத்துவைக்கும். அந்த இடத்தை விரல்நுனியால் தட்டினால் பாதத்துக்குள் சுரீரென்று ஓடுவது முக்கியமான அடையாளம்.

பிசியோதெரபியில் பலர் சறுக்குவது இங்கேதான். எரிச்சலில் இருக்கும் நரம்பைத் தசையைப் போல இழுத்து 30 விநாடி பிடித்துவைத்தால் அதன் இரத்த ஓட்டம் குறையும், வலி கூடும். அதை வழுக்கிச் செல்ல விட வேண்டும். நாற்காலியில் முதுகைத் தளர்த்தி உட்காருங்கள். முழங்காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி மேலே மடக்கும்போதே தலையை மேலே நிமிர்த்துங்கள். முழங்காலை மடக்கும்போது தலையைக் குனியுங்கள். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளர்வதால் நரம்பு நகருமே தவிர விறைக்காது. நிறுத்திப் பிடிக்காமல் 10 முறை, நாளுக்கு இரண்டு வேளை போதும். லேசான இழுப்பு தெரியலாம். மதமதப்பு கிளம்பினால் முழங்காலை நீட்டும் அளவைக் குறைக்க வேண்டும். செய்து முடித்த பிறகும் எரிச்சல் நீடித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

பாதம் உள்பக்கம் சரிபவர்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது. உள்வளைவைத் தாங்கும் காலணி அட்டையும் வேண்டும். ஆனால் அதன் மேடு உட்கணுக்காலுக்குக் கீழே நரம்பின் மேலேயே அழுத்தும்படி உயரமாக இருந்தால், அட்டையே நோயாகிவிடும்! நின்றபடி குதிகால்களுக்கு நடுவே சிறு பந்தை இடுக்கிக்கொண்டு, குதிகால்களை மெல்ல உயர்த்தி இறக்குவது வளைவைத் தாங்கும் தசைக்கு நல்லது. எரிச்சல் தணிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

இரண்டு பாதமும் ஒருசேர மரத்தால் சர்க்கரை நோயைப் பரிசோதியுங்கள். இடுப்பிலிருந்து வலி இறங்கினால் முதுகுத்தண்டைப் பார்க்க வேண்டும். விரல் மடக்கும் பலம் குறைந்தாலோ பாதத் தசை இளைத்தாலோ பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்த பாதத்தில் வெந்நீர்ப்பை வைக்கவே கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியவரும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்