இணைய நிரலாக்க மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்றத்திற்கு வழிகாட்டிவரும் பேராசிரியப் பெருமக்களே, செயற்குழு உறுப்பினர்களே, சக மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக இணைய நிரலாக்க மாணவர் மன்றத்தின் கடந்த கல்வியாண்டுப் பணிகள் குறித்த அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

வாராந்தரக் கூட்டங்கள் தேர்வுக் காலம் நீங்கலாகத் தடையின்றி நடைபெற்றன. புதிய மாணவர்களுக்கான அறிமுக வகுப்புகள் வழக்கம்போல் பருவத் தொடக்கத்தில் நடத்தப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தளம் சார்ந்த இணையதளங்களை உருவாக்கும் பயிற்சிக்கு ஒதுக்குகிறேன். இவ்வாண்டு மன்றத்தின் உழைப்பு பெரும்பாலும் அதற்கே சென்றது.

நம் பாடத்திட்டத்தில் தரவுத்தளம் ஒரு தாளாகவும் இணைய நிரலாக்கம் வேறொரு தாளாகவும் வெவ்வேறு பருவங்களில் வருகின்றன. இரண்டிலும் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கூட, ஒரு படிவத்தில் நிரப்பிய பெயர் எவ்வழியாக அட்டவணைக்குள் சென்று மறுபடியும் திரைக்கு வருகிறது என்று கேட்டால் தயங்குவதைச் செயற்குழு கவனித்தது. ஆகவே, முதற்பருவம் முழுவதும் எந்த ஃபிரேம்வொர்க்கையும் (தளத்தின் பொதுவான பகுதிகளை ஆயத்தமாகத் தரும் நிரல்தொகுப்பு) தொடுவதில்லை என்றும், வெறும் பிஎச்பி என்னும் நிரல்மொழியையும் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளையும் கொண்டு துறை நூலகத்திற்கான புத்தகக் கடன் பதிவேடு ஒன்றை அடியிலிருந்து கட்டுவது என்றும் முடிவாயிற்று. வேலைவாய்ப்பு நேர்காணல்களில் லாரவேல், ஜாங்கோ போன்ற ஃபிரேம்வொர்க்குகளையே கேட்கிறார்கள் என்று சில உறுப்பினர்கள் எழுப்பிய மறுப்பு நியாயமானதே. ஆயினும் கருவிகள் மாறும் வேகத்தை நாம் மறக்கலாகாது. மைஎஸ்க்யூஎல்லுடன் இணைவதற்கு ஒரு தலைமுறையே பயன்படுத்திய பழைய பிஎச்பி செயற்கூறுகள் (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் ஆயத்த நிரல்துண்டுகள்) 2015இல் வெளியான ஏழாம் பதிப்பில் அறவே நீக்கப்பட்டன. அவற்றை மனப்பாடம் செய்தவர்களின் நிரல்கள் இன்று ஓடா. மாறாக, கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த, தரவை அட்டவணைகளாக அமைக்கும் உறவுநிலை மாதிரி, இன்று நாம் எழுதும் ஒவ்வொரு அட்டவணைக்கும் அடித்தளமாக நிற்கிறது.

முதற்சில கூட்டங்களில் கணினியே திறக்கப்படவில்லை. தாளில் அட்டவணை வரைவதோடு சரி. பெரும்பாலான குழுக்கள் முதலில் வரைந்தது, உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், நூலின் தலைப்பு, ஆசிரியர், கடன் தேதி ஆகிய அனைத்தையும் அடுக்கிய ஒரே அட்டவணையாகும். ஒருவர் தொலைபேசி எண்ணை மாற்றினால் எத்தனை வரிசைகளைத் திருத்த வேண்டும், அவருடைய கடைசிக் கடனை அழித்தால் அவரே பதிவேட்டிலிருந்து மறைந்துவிட மாட்டாரா என்ற கேள்விகளைக் கேட்டதும், ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் இயல்பாக்கம் என்பது தேர்வு விடைக்குரிய வரையறை என்ற நிலை மாறி, தேவையாகவே உணரப்பட்டது. அதிக நேரம் விவாதிக்கப்பட்டது நூலுக்கும் பிரதிக்கும் உள்ள வேறுபாடே. ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் இருக்கும்போது கடனாகச் செல்வது குறிப்பிட்ட ஒரு பிரதிதான் என்பதும், தலைப்பும் ஆசிரியரும் நூலுக்குரியவை, கிழிந்த அட்டையும் அலமாரி எண்ணும் பிரதிக்குரியவை என்பதும் தெளிவாவதற்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. அம்மாலையே இவ்வாண்டின் மிகப் பயனுள்ள கூட்டம் என்பது என் கருத்து.

அடுத்து, உலாவிக்கும் சேவையகத்திற்கும் இடையே நடப்பதைக் கற்றோம். இவ்விரண்டும் பேசிக்கொள்ளப் பயன்படும் எச்டிடிபி நெறிமுறை முந்தைய கோரிக்கையை நினைவில் வைத்திராது என்பதைக் கட்டளைத் திரையிலிருந்து கோரிக்கைகளை அனுப்பியே மாணவர்கள் பார்த்தார்கள். உள்நுழைந்த பயனரை அடுத்த பக்கத்தில் அடையாளம் காணக் குக்கியும் (உலாவி வைத்திருக்கும் சிறு குறிப்பு) செஷனும் (சேவையகம் வைத்திருக்கும் பயனர் பதிவு) ஏன் வேண்டும் என்பது அதன்பின் விளக்கமின்றியே புரிந்தது.

பாதுகாப்பு குறித்த அமர்வை விரிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் பேசும் மொழி) வாக்கியத்தில் ஒட்டும் ஓர் உள்நுழைவுப் பக்கத்தைப் பயிற்சிக்கென்றே தயாரித்து, அவரவர் கணினிக்குள் மட்டும் இயக்கச் செய்தோம். பயனர்பெயர்க் கட்டத்தில் ஓர் ஒற்றை மேற்கோள்குறி, எப்போதும் உண்மையாகவே இருக்கும் ஒன்று சமம் ஒன்று என்னும் நிபந்தனை, வாக்கியத்தின் எஞ்சிய பகுதியைக் குறிப்புரையாக்கும் இரண்டு சிறுகோடுகள் ஆகியவற்றை இட்டதும், கடவுச்சொல்லே இல்லாமல் பக்கம் திறந்தது. வாக்கியத்தின் வடிவத்தை முதலில் தரவுத்தளத்திடம் கொடுத்துவிட்டு மதிப்புகளைத் தனியே அனுப்பும் முன்தயாரிப்பு வினவலாக அதே பக்கம் மாற்றி எழுதப்பட்டபோது, அந்த உள்ளீடு வெறும் வினோதமான பெயராகவே கருதப்பட்டு நிராகரிக்கப்பட்டது. கடவுச்சொற்களை எழுத்துவடிவில் சேமிக்கலாகாது, பிஎச்பி 2013 முதல் தன்னகத்தே வைத்திருக்கும், அவற்றைத் திரும்பப் பெற முடியாத வடிவாக மாற்றும் ஹாஷ் செயற்கூற்றின் வழியாகவே சேமிக்க வேண்டும் என்பது அன்றே மன்றத்தின் விதியாயிற்று.

தமிழ்த் தலைப்புகளைச் சேமிப்பதில் எழுந்த சிக்கலும் நல்ல பாடமாயிற்று. லத்தீன் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) உருவாக்கிய அட்டவணையில் நூற்பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறின. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். எனவே ‘தமிழ்’ என்பதன் நீளத்தைப் பிஎச்பியின், பைட்டுகளையே எண்ணும் சாதாரணச் செயற்கூற்றிடம் கேட்டால் 15 என்று சொல்லும், யூனிகோடு குறியீடுகளை (இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்) எண்ணச் சொன்னால் 5 என்று சொல்லும், நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளோ 3. மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்-8 என்றே பெயரிட்டிருந்த பழைய வகை மூன்று பைட்டுகளோடு நின்றுவிடுவதால் தமிழுக்குப் போதும், இமோஜிக்குப் போதாது; ஆகவே நான்கு பைட்டு வகையையே எங்கும் பயன்படுத்தத் தீர்மானித்தோம். தரவுத்தளம், இணைப்பு, பக்கம் ஆகிய மூன்றிடத்திலும் அதை அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குழுவும் தன் அனுபவத்திலேயே கண்டறிந்தது.

ஆண்டின் கடினமான பகுதி, ஒரே நேரத்தில் இருவர் தளத்தைப் பயன்படுத்துவது பற்றியதாகும். எஞ்சியிருந்த ஒரே பிரதியை இரண்டு மாணவியர் இருவேறு கணினிகளிலிருந்து ஒருசேரக் கோரியபோது, இருவருக்கும் ‘கடன் வழங்கப்பட்டது’ என்ற செய்தி வந்தது. பிரதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் கடனைப் பதிவதற்கும் இடைப்பட்ட கணத்தில் மற்றவரின் கோரிக்கை நுழைந்துவிட்டதே காரணம். இரண்டு படிகளையும், முழுவதும் நடக்கும் அல்லது அறவே நடக்காத ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்து, அப்பிரதியின் வரிசையைப் பூட்டிவிட்டுப் பார்க்கும்படி மாற்றியதும், இரண்டாவது கோரிக்கை காத்திருந்து ‘பிரதி இல்லை’ என்ற சரியான விடையைப் பெற்றது. ஒருவராகத் தனியே சோதித்துப் பார்க்கையில் இப்பிழை ஒருபோதும் கண்ணில் படுவதில்லை என்பதால், இனி ஒவ்வொரு திட்டத்தையும் குறைந்தது இருவர் ஒருசேரச் சோதிக்க வேண்டும் என்று செயற்குழு வலியுறுத்துகிறது.

இரண்டாம் பருவத்தில் அதே பதிவேட்டை லாரவேலில் மறுபடி எழுதினோம். அடிப்படை தெரிந்திருந்ததால் வேலை விரைவாக முடிந்தது. அதைவிட மகிழ்ச்சி தந்தது, கடன் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஃபிரேம்வொர்க் தனித்தனி வினவல் அனுப்பிக்கொண்டிருந்ததைப் தளத்தின் இயக்கப் பதிவுகளைப் பார்த்துத் தாங்களாகவே கண்டுபிடித்து, முன்கூட்டியே இணைத்துப் பெறும்படி இரண்டாமாண்டு மாணவர்கள் திருத்தியதாகும். தேடல் மெதுவானபோது வினவல் எவ்வாறு செயற்படுத்தப்படுகிறது என்பதைத் தரவுத்தளத்திடமே விளக்கச் சொல்லிக் கேட்டு, உரிய நெடுவரிசைக்கு அவர்களே தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸும் சேர்த்தனர்.

வரும் ஆண்டிற்கெனச் செயற்குழு முன்மொழிவன சில உள்ளன. முதற்பருவத்தில் ஃபிரேம்வொர்க் இல்லாத பயிற்சி தொடர வேண்டும். நிரல்கள், அவற்றின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவி வழியாக மட்டுமே பகிரப்பட வேண்டும். தரவுத்தளக் கடவுச்சொல் அதற்குள் இடம்பெறலாகாது. காப்புப்பிரதி எடுப்பதோடு நில்லாமல், அதை வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் மீட்டெடுத்துக் காட்டிய பின்னரே எந்தத் திட்டமும் நிறைவுபெற்றதாகக் கொள்ளப்பட வேண்டும். நூலகப் பதிவேட்டை உண்மையான பயன்பாட்டிற்குக் கொண்டுவர விண்ணப்பிப்பதற்கு முன், உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை யார் யார் பார்க்கலாம் என்பதை வரையறுக்கும் அனுமதி முறையை முடித்தாக வேண்டும். அப்பணியை மேற்கொள்ள ஐவர் கொண்ட துணைக்குழு அமைக்கப் பொதுக்குழுவின் இசைவைக் கோருகிறேன்.

ஆய்வகத்தை மாலை வேளைகளில் திறந்துவைத்த தொழில்நுட்ப உதவியாளர்களுக்கும், அட்டவணை வரைபடங்களைப் பொறுமையுடன் திருத்தித் தந்த பேராசிரியர்களுக்கும், தம் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கிடையிலும் இளையோருக்கு அருகமர்ந்து கற்பித்த மூத்த மாணவர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையையும் மேற்கண்ட முன்மொழிவுகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்