எல்ட்ஸ் கோட்டைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு பஸ் கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்: சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சார்பில ஒரு தாய், கேல்ன் பக்கம்

பெறுநர்: இளையோர் நலப் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்கள்

பொருள்: "பொழுதுபோக்குச் சுற்றுலா" எண்டு திருப்பி அனுப்பின எங்கட விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பாக்கச் சொல்லி

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

இதை முதல்ல தமிழிலதான் எழுதுறன், மகள் ஜெர்மனில மாத்தித் தருவாள். பெற்றோர் குரூப்பிலயும் போடப்போறன், எல்லாரும் வாசிச்சுச் சரி எண்டு சொன்னாப் பிறகுதான் கையெழுத்துகளோட உங்களிட்ட வரும். நேரா ஜெர்மனில எழுத வெளிக்கிட்டால் எனக்கு ஃபோர்ம் நிரப்புற மாதிரித்தான் வரும், சொல்ல வந்தது ஒண்டும் வராது.

விஷயம் சின்னன்தான். எங்கட பள்ளிக்கூடத்தில 34 பிள்ளையள், 9 வயசில இருந்து 15 வரைக்கும். அவையை ஒரு நாள் எல்ட்ஸ் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போக பஸ்சுக்கும் ரிக்கற்றுக்கும் உதவி கேட்டு எழுதினனாங்கள். ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு வரிப் பதில் வந்தது, இது பொழுதுபோக்கு, கல்வி இல்லை எண்டு. உதவிக் காசு இல்லை எண்டு சொல்லியிருந்தால் நான் இப்பிடி மினக்கெட்டு எழுதியிருக்க மாட்டன். கல்வி இல்லை எண்டதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.

அந்தக் கோட்டையை நான் முதல்ல பாத்தது காசுத்தாளில. 80களின்ர கடைசி, எனக்கு எட்டு வயசு, அப்பா அந்தக் காலத்து ஜெர்மன் காசில ஒரு 500 மார்க் தாளைக் கொண்டு வந்து மேசையில விரிச்சு வைச்சவர், அதுக்குப் பின்பக்கத்தில காட்டுக்கு நடுவில கூர்க்கூரான கூரையளோட ஒரு கோட்டை. தொட்டுப் பாக்க விட்டவர் ஆனால் மடிக்க விடேல்லை, அடுத்த நாள் அந்தத் தாள் உண்டியல்காரரிட்டப் போய் யாழ்ப்பாணத்தில அம்மம்மாவின்ர கைக்கு ரூபாயாப் போயிட்டுது. அது உண்மையான கோட்டை எண்டு எனக்குக் கல்யாணம் முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகுதான் தெரியும். மோசல் ஆத்தங்கரையில மோசல்கேர்ன் எண்ட சின்ன ஸ்டேஷன்ல இறங்கி, எல்ட்ஸ் எண்ட சிற்றாத்தோட காட்டுக்குள்ளால நடந்து போனனாங்கள், மனுசன் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், பேந்து ஒரு வளைவு திரும்பினதும் ஆள் கப்சிப். எங்கட வீட்டு மேசையில கிடந்த அதே கூரையள்.

சரி, கல்வி எங்க இருக்கு எண்டு சொல்லுறன்.

1157 ஆம் ஆண்டு பேரரசர் ஃப்ரீட்ரிஷ் பார்பரோசா குடுத்த ஒரு சாசனத்தில ருடோல்ஃப் ஃபொன் எல்ட்ஸ் எண்டவர் சாட்சியாக் கையெழுத்து வைச்சிருக்கிறார். அண்டைக்குத் தொடங்கி இண்டை வரைக்கும் கோட்டை அதே குடும்பத்தின்ர கையிலதான், 33 தலைமுறை தாண்டீட்டுது. அரசாங்கம் எடுக்கேல்லை, ஹோட்டல்காரன் வாங்கேல்லை. எங்கட பக்கம் நாலு தலைமுறைக்கு ஒரு வளவை உடையாமல் வைச்சிருக்கிறதே பெரும்பாடு எண்டு ஊர்க்காணி வைச்சிருந்த எல்லாருக்கும் தெரியும்.

உடையேல்லை எண்டு சொன்னதும் முழுக்கச் சரியில்லை, உடைஞ்சதுதான், உடைஞ்ச விதத்திலதான் விஷயமே. 1268 வாக்கில எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிஷ் எண்டு மூண்டு அண்ணன் தம்பிமார் சொத்தைப் பிரிச்சினம். கோட்டையை ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லை, மூண்டு பகுதியும் அதுக்குள்ளயே இருந்தினம். சின்னத்தைப் பாத்துத்தான் ஆரின்ர கிளை எண்டு கண்டுபிடிக்கிறது, ஒருத்தருக்குத் தங்கச் சிங்கம், ஒருத்தருக்கு வெள்ளிச் சிங்கம், மற்றவருக்கு எருமைக் கொம்பு. இப்பிடிப் பல வாரிசுகள் சேந்து ஆளுற கோட்டைக்கு ஜெர்மனில கானெர்பன்பூர்க் எண்டு தனிச் சொல்லே இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு நான் அதைப் பங்குக் கிணறு எண்டு சொல்லித்தான் விளங்கப்படுத்தினனான். யாழ்ப்பாணத்தில ஒரு கிணத்துக்கு நாலு பேர் பங்குக்காரர், ஆருக்கு எந்த நாள் இறைப்பு எண்டு உறுதியிலயே எழுதிக் கிடக்கும், அது மாதிரித்தான் இங்கயும் ஆர் எதைப் பராமரிக்கிறது, கோட்டைக்குள்ள சண்டை பிடிக்கக்கூடாது எண்டு எழுதி ஒப்பந்தம் போட்டவை, அதுக்குப் பேர் பூர்க்ஃப்ரீடன். கட்சியள் கொஞ்சக் காலத்துக்குச் சண்டையை நிப்பாட்டினால் இண்டைக்கும் ஜெர்மன் நியூசில அந்தச் சொல்லைத்தான் பாவிக்கினம். இது பொழுதுபோக்கோ ஐயா?

கட்டடத்துக்கு வாறன். மூண்டு பக்கமும் ஆறு சுத்திப் போக நடுவில 70 மீற்றர் உயரத்தில ஒரு பாறை, பாறை எப்பிடி வளைஞ்சிருக்குதோ அப்பிடியே சுவரும் வளைஞ்சு போகுது, நேர்கோடு எண்டு ஒண்டைத் தேடித்தான் பிடிக்கவேணும். அகலத்துக்குக் கட்ட இடம் இல்லை, ஆக்களோ கூடிக்கொண்டு போயினம், 100 பேர் வரையில இருந்தவை எண்டு சொல்லுவினம், அப்ப மேலதானே போகவேணும், அதால எட்டு மாடி. நடுவில ஒரு சின்ன முத்தம், அதைச் சுத்தி ஒவ்வொரு கிளையும் தன்ர தன்ர காசில தன்ர தன்ர காலத்தில கட்டின வீடுகள், மொத்தம் 500 வருஷக் கட்டட வேலை. ரோமனெஸ்க் எண்ட பழைய கட்டடப் பாணிக் காலத்துக் கோபுரத்தின்ர பேர் பிளாட்எல்ட்ஸ். வெள்ளிச் சிங்கக்காரரின்ர ரூபெனாக் வீடு 1472 இல முடிஞ்சது, எருமைக் கொம்புக்காரரின்ர ரோடென்டோர்ஃப் வீடு 1490க்கும் 1540க்கும் இடையில. கீழ கல்லு, மேல போகப் போக மரச்சட்டம் அடிச்சு இடையில சாந்து பூசின சுவர், பாரம் குறையத்தானே வேணும். கணக்கு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனால் அவரே ஒரு மணித்தியாலம் பாடம் எடுப்பார்.

ரூபெனாக் வீட்டில ஒரு சின்னப் பிரார்த்தனை மாடம் இருக்கு, அது சுவருக்கு வெளியில தள்ளித் தொங்குற மாதிரிக் கட்டியிருக்கு. ஏன் எண்டு கேட்டதுக்கு வழிகாட்டிப் பிள்ளை சொன்னது, பலிபீடத்துக்கு மேல மனுசர் குடியிருக்கக்கூடாது எண்டு அந்தக் காலத்து வழக்கமாம். என்ர மாமியார் எங்கட ஃபிளாட்டில சாமியறைக்கு மேல் வீட்டுக்காரன்ர பாத்ரூம் வருது எண்டு சாமிப்படத்தையே ஹோலுக்கு மாத்தினவ, இதைக் கேட்டதும் அவவுக்கு ஜெர்மன்காரர் மேல ஒரு மரியாதை வந்திட்டுது பாருங்கோ.

பிள்ளையளுக்குப் பிடிக்கப்போறது ரொய்லெட்தான், அதையும் மறைக்காமல் சொல்லுறன். 15 ஆம் நூற்றாண்டிலயே 20 வரையில ரொய்லெட், கூரைத் தண்ணியை அதுக்குள்ளால விட்டுக் கழுவுற ஏற்பாடு. வேற கோட்டையளில ஒண்டு ரெண்டு அறைதான் சூடாக்கலாம், இங்க கன அறையளுக்கு அடுப்புப் போக்கி இருந்திருக்கு.

எல்லாத்தையும் விட நான் காட்ட நினைக்கிறது நைட்ஸ் ஹோல், அதாவது குதிரைவீரப் பிரபுக்களின்ர மண்டபம் எண்டு சொல்லுற பொதுக் கூடம். மூண்டு பகுதியும் கூடிக் கதைக்கிற இடம் அது. சுவரில மேல கோமாளி முகங்கள் செதுக்கியிருக்கு, அதின்ர அர்த்தம் இங்க ஆரும் மனசில உள்ளதைப் பயமில்லாமல் கதைக்கலாம் எண்டது. வெளியில போற கதவுக்கு மேல ஒரு ரோசாப்பூ, அது இங்க கதைச்சது இங்கயே இருக்கவேணும் எண்டதுக்கு. அண்ணாந்து பாக்காட்டித் தெரியாது, நாங்கள் போன அண்டைக்கு முக்கால்வாசிச் சனம் பாக்காமத்தான் வெளியில போனது. எங்கட பெற்றோர் கூட்டத்துக்கும் அப்பிடி ஒரு கோமாளியும் பூவும் வேணும், அது வேற கதை.

சரித்திரப் பக்கமும் லேசுப்பட்டதில்லை. 1331 இல ட்ரியர் பகுதியை ஆண்ட பேராயர் பால்டுயின் இந்தப் பக்கத்து நைட்மாரை அடக்க வெளிக்கிட்டார், எல்ட்ஸ்காரர் பக்கத்துக் கோட்டைக்காரரோட சேந்து எதிர்த்தவை. அவர் நேர மேல இருக்கிற மேட்டில ட்ரூட்ஸ்எல்ட்ஸ் எண்டு ஒரு முற்றுகைக் கோட்டையைக் கட்டி அங்க இருந்து கல்லு எறிவிச்சார். கோட்டை விழேல்லை, ஆனால் 1336 வாக்கில சண்டை முடியேக்க குடும்பத்துக்குப் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திரம் போயிட்டுது, பேராயருக்குக் கீழ்ப்பட்டவையா இருந்துகொண்டு கோட்டையைக் காப்பாத்தினவை. மேல அந்த இடிஞ்ச சுவர் இப்பவும் நிக்குது. தோத்தவன்ர கோட்டை முழுசா இருக்கு, வெண்டவன்ர கோட்டை இடிஞ்சு கிடக்கு, அந்த மேட்டில ஏறி நிண்டு கீழ பாத்தால் 15 வயசுப் பிள்ளைக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு 1689 இல பிரெஞ்சுப் படை ரைன் பக்கத்துக் கோட்டையளைக் கொளுத்திக்கொண்டு வரேக்க, அதே குடும்பத்து ஹான்ஸ் அன்டோன் எண்டவர் பிரெஞ்சு ராணுவத்தில பெரிய ஒபிசரா இருந்திருக்கிறார், அவர்தான் இடிக்கிற லிஸ்டில இருந்து இந்தப் பேரை எடுப்பிச்சவர். எங்கட ஆக்களுக்கு இது உடன விளங்கும், லிஸ்டில பேர் இருக்கிறதும் இல்லாததும் என்ன எண்டு. ஒரு கிளை வாரிசில்லாமல் போக, தங்கச் சிங்கக்காரரான கெம்பெனிக் கிளையின்ர ஹூகோ ஃபிலிப் ரூபெனாக் பங்கையும் வாங்கி 1815 இல முழுக் கோட்டைக்கும் ஒரே சொந்தக்காரர் ஆனவர். பிறகு கார்ல் எண்டவர் 1845 இல தொடங்கி 1888 வரைக்கும் 184,000 மார்க் செலவழிச்சுத் திருத்தினவர். அவர் புதுசா வடிவு காட்ட வெளிக்கிடாமல் இருந்ததை இருந்தபடி விட்டது பெரிய காரியம், அந்தக் காலத்தில மற்றவை திருத்துறன் எண்டு கதைப்புத்தகக் கோட்டையா மாத்திப்போட்டினம். 1920 இல தெற்குப் பக்கம் நெருப்புப் பிடிச்சு 10 வருஷம் திருப்பிக் கட்டினவை. கெம்பெனிக் பகுதி இண்டைக்கும் குடும்பத்துக்கு எண்டே, மற்ற ரெண்டு பகுதியும்தான் எங்களுக்குக் காட்டுறது.

ஐயா, எங்கட பிள்ளையள் இங்க பிறந்ததுகள். வீட்டில நாங்கள் எங்கட ஊர், எங்கட காணி, எங்கட கிணறு எண்டு கதைக்கேக்க அதுகளுக்கு அது தொலைபேசியில கேக்கிற கதை மாதிரி. ஒரு சொத்தைப் பிரிச்சுக்கொண்டும் சேந்திருக்கலாம் எண்டதைக் கல்லில தொட்டுப் பாக்க ஒண்டேகால் மணித்தியாலத் தூரத்தில ஒரு இடம் இருக்கேக்க, அதைக் கல்வி இல்லை எண்டு ஒரு வரியில தள்ளுறது சரியில்லை.

நாங்கள் கேக்கிறது இவ்வளவும்தான். முதல்ல அந்த "பொழுதுபோக்கு" எண்ட முடிவை மாத்துங்கோ. 34 பிள்ளையளுக்கும் 5 பெரியாக்களுக்கும் ஒரு பஸ், ஒரு நாளைக்கு. பிள்ளையளின்ர ரிக்கற்றில பாதியாவது, பெரியாக்களின்ரதை நாங்கள் பாப்பம். சாப்பாட்டுக்கு ஒரு சதமும் வேண்டாம், ரோல்சும் கட்லட்டும் நாங்கள் கட்டிக்கொண்டு போவம். போயிட்டு வந்து ஒவ்வொரு பிள்ளையும் தமிழில ஒரு பக்கம் ஜெர்மனில ஒரு பக்கம் எழுதித் தரும், உங்கட ஓபிசுக்கே அனுப்புறம். உள்ளுக்குப் போட்டோ எடுக்க விடமாட்டினம், அதால படம் கீறித்தான் தருவினம், சிலது கோட்டையை விட ரொய்லெட்டைத்தான் கீறும், அதுக்கு நான் பொறுப்பில்லை.

குளிர்காலத்தில கோட்டையைப் பூட்டிப்போடுவினம், ஏப்ரலில திறந்தால் நவம்பர் தொடக்கத்தோட முடிஞ்சுது. போன விண்ணப்பத்துக்கு ஆறு கிழமை எடுத்த மாதிரி இதுக்கும் எடுத்தால் இந்த வருஷமும் போயிடும். தயவு செய்து கோடை விடுமுறைக்கு முதல் ஒரு பதில் தாங்கோ, ஃபோனில சொன்னாலும் காணும், சனிக்கிழமை விடியப் பத்து மணிக்குப் பிறகு எண்டால் நான் வகுப்பில நிப்பன், மகள் எடுப்பாள்.

நன்றியுடன்,
பெற்றோர் சார்பில
(கையெழுத்துத் தாள் இணைச்சிருக்கு)